ஹார்லன் வீட்டுத் தொட்டி நிறையவில்லை

பழைய வண்டிவீட்டில் குடியிருக்கிறவர்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை இருக்கும், அதில் நாலு விளக்கு. பொத்தானை அமுக்கினால் வண்டிக்கு அடியில் இருக்கும் கழிவுத் தொட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று அது சொல்ல வேண்டும். சொல்லாது. தொட்டியைக் காலி செய்து கழுவி விட்டு வந்து அமுக்கினாலும் மூன்று விளக்கு எரியும், முக்கால்வாசி நிறைந்துவிட்டது என்று. விளிம்புவரை வந்து நிற்கும்போதும் அதே மூன்று விளக்குதான். முப்பது வருஷம் ஐடஹோவில் பள்ளிக்கூட பஸ்களை ரிப்பேர் செய்தவள் நான். இந்த அரிசோனாப் பாலைவனத்தில் பதினாலு குளிர்காலம் கழித்திருக்கிறேன். இந்தப் பலகையைப் போல வாய் கூசாமல் பொய் சொல்லும் சாமானை வேறெங்கும் பார்த்ததில்லை.

இப்படி ஊரெல்லாம் பேசிக்கொண்டு திரிந்துதான் ஹார்லன் விஷயத்தில் கோட்டை விட்டேன்.

ஹார்லன் ட்வெய்ட்டும் அவர் மனைவி ஆர்டிஸும் வடக்கு டகோட்டாக்காரர்கள். ஒன்பது குளிர்காலமாக என் டிரெய்லருக்குப் பக்கத்தில்தான் அவர்கள் வண்டி நிற்கும். எண்பத்தொன்பதாம் வருஷத்து வண்டி, பழுப்புக் கோடு போட்டது. அவருக்கு எழுபத்தொன்பது வயது. நாற்பத்தோரு வருஷம் கோதுமைக் கிடங்கில் வேலை பார்த்தவர். ஆறு மாடி உயரத் தகரக் குதிருக்குள் கோதுமை எதுவரை நிற்கிறது என்று வெளியே நின்று விரல் முட்டியால் தட்டியே சொல்லிவிடுவாராம். சும்மா அளக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் என் டிரெய்லரின் காஸ் சிலிண்டரைத் தட்டி, "செவ்வாக்கிழமை சமைக்கும்போது நின்னுடும்" என்றார். செவ்வாய்க்கிழமை பாதி வெந்த பீன்ஸோடு நான் அவர்கள் வண்டிக் கதவைத் தட்டினேன். ஆர்டிஸ் சிரித்துக்கொண்டே அடுப்பைக் காட்டினாள்.

அவர் என்னை டார்லா என்று கூப்பிட்டதே கிடையாது. பஸ்காரி என்றுதான் கூப்பிடுவார்.

குவார்ட்சைட்டுக்குத் தெற்கே எங்கள் வட்டத்தில் எட்டு வண்டிகள். அங்கே குழாயும் கிடையாது, சாக்கடையும் கிடையாது. கழிவுத் தொட்டி நிறைந்தால் நாற்காலி, மேசை, பாய் எல்லாவற்றையும் உள்ளே அள்ளிப் போட்டு, வண்டியைக் கிளப்பி, ஒன்பது மைல் போய்க் கொட்டிவிட்டு வர வேண்டும். வரிசையில் ரெண்டு மணி நேரம் நிற்கணும். அதனால் யார் கொட்டாமல் அதிக நாள் தாக்குப் பிடிக்கிறார்கள் என்று எங்களுக்குள் ஒரு வெட்டிப் பெருமை. நடுவில் நிற்கும் மரத்தில் ஒரு பலகை தொங்கும், அதில் ஆளுக்கொரு கோடாக நாள் கணக்கு. ஜெயிக்கிறவர் கதவில் தங்க வண்ணம் அடித்த ஒரு கழிப்பறை இருக்கையை மாட்டுவோம். வளர்ந்த மனுஷர்கள் செய்கிற காரியமா இது என்று கேட்காதீர்கள். அதற்காகப் பாத்திரம் கழுவிய தண்ணீரை மறுபடி பயன்படுத்துவோம், ஆம்பளைகள் புதர்ப்பக்கம் போவார்கள், சின்னக் காரியத்துக்குக் கழிப்பறையில் தண்ணீர் விடும் பெடலை யாரும் மிதிக்கவே மாட்டோம்.

மற்றவர்கள் கழிப்பறைக் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்து அளவு சொல்வார்கள். ஹார்லன் வண்டியில் குழாய் வளைந்து போவதால் டார்ச் அடித்தால் குழாய்தான் தெரியும். அவருக்கு அது தேவையும் இல்லை. வண்டிக்கடியில் புகுந்து தொட்டியைத் தட்டிப் பார்ப்பார். போன வருஷம் முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. அதற்கப்புறம் அந்த நாலு விளக்குப் பலகையை நம்ப வேண்டியதாயிற்று.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. நவம்பரில், நன்றி நாள் விருந்துக்கு மகன் ராண்டல் வடக்கு டகோட்டாவின் மினோட்டிலிருந்து வந்திருந்தான். காலையில் கழிப்பறைக்குப் போனவன் பெடலை மிதித்தான். கீழே போக வேண்டியது மேலே வந்தது. அவன் காலில் வெள்ளைச் சாக்ஸ். பலகையில் வழக்கம்போல மூன்று விளக்கு.

ராண்டல் கெட்டவன் இல்லை. முழங்கைவரை உறை போட்டுக்கொண்டு அவனேதான் சுத்தம் செய்தான். எல்லாம் முடித்து வாசலில் உட்கார்ந்து சொன்னான்: "அப்பா, உங்களால இதையெல்லாம் இனிமே பாத்துக்க முடியலை. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வண்டியை வித்துடுவேன். மினோட்ல அந்த முதியோர் இல்லத்துல உங்க ரெண்டு பேருக்கும் ஒரு ரூம் சொல்லி வச்சிருக்கேன்."

அந்த இல்லத்தில்தான் ஹார்லனுடைய அண்ணன் மூன்று வருஷம் ஒரே ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்து செத்துப்போனார். அந்த ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம் மட்டும்தான் என்று ஹார்லன் என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

மகன் போன மறுநாள் ஆர்டிஸ் என் கதவைத் தட்டினாள். பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டவள், எதற்கும் அசராதவள். அன்றைக்கு உட்காரக்கூட இல்லை, வாசலிலேயே நின்று பேசினாள்.

"டார்லா, அந்தப் பலகை நெஜத்தைச் சொல்லணும். அதுக்கு என்ன செய்யணுமோ செய். அது நெஜத்தைச் சொன்னா நாங்க இங்க இருக்கோம். இல்லேன்னா மினோட்."

"சொல்ல வச்சுடலாம். கவலைப்படாம போங்க," என்றேன். பெரிய மேதாவி மாதிரி.

டிசம்பர் முதல் வாரம், தொட்டியைக் கொட்டி அலசிக்கொண்டு வந்த கையோடு, ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். அடிப்பாகத்தை மூடியிருந்த பிளாஸ்டிக் தகட்டை அவிழ்த்ததும் பஞ்சும் எலிக்கூடும் முகத்தில் கொட்டின. ஹார்லன் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் பூட்ஸ் மட்டும் எனக்குத் தெரிந்தது.

"ஏ பஸ்காரி, தூங்கிட்டியா?"

"உங்க எலிகிட்ட வாடகை கேட்டுட்டிருக்கேன்."

"நல்லாக் கேளு. அஞ்சு வருஷ பாக்கி."

பழைய சென்சார் என்பது வேறொன்றுமில்லை, தொட்டிச் சுவரைத் துளைத்து உள்ளே நீட்டியிருக்கும் திருகாணிகள். முப்பத்தைந்து வருஷத்துச் சங்கதி அதன்மேல் அப்பிக்கொண்டு காயாமல் கிடக்கும். காலித் தொட்டியும் நிறைந்தது போலக் காட்டுவது அதனால்தான். அவற்றின் ஒயர்களை வெட்டி எறிந்தேன். புதியது ஒரு பட்டை. தொட்டியின் வெளிச்சுவரில் ஒட்டிவிட்டால் போதும், உள்ளே எதுவும் படாது. சுவருக்கு அந்தப் பக்கம் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று உணர்ந்து, நூற்றுக்கு எத்தனை என்று எண்ணாகவே காட்டிவிடும். சுவரை உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, பட்டையை அளந்து வெட்டி, காற்றுக்குமிழ் இல்லாமல் ஒட்டினேன். மூன்று மணி நேரம் ஆயிற்று.

"தட்டினா தெரியறதுக்கு ஸ்டிக்கர் ஒட்டுறாளாம்," என்றார் ஹார்லன்.

"இறங்கி வந்து தட்டுங்களேன் பாப்போம்."

"வாய் இருக்கே உனக்கு, பஸ் ஹாரன் மாதிரி."

புதுப் பலகையைச் சுவரில் மாட்டிப் பொத்தானை அமுக்கியபோது பூஜ்யம் என்று வந்தது. முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக அந்த வண்டி உண்மை பேசியது. ஆர்டிஸ் அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள். அன்று சாயங்காலம் எனக்குப் பீச் பழம் வைத்துச் சுட்ட பை வந்தது, முழுசாக.

நாலாம் நாள் எண் பதிமூன்று. ஏழாம் நாள் இருபத்திரண்டு. ஒன்பதாம் நாள் காலையில் காபி குடிக்கப் போனபோது அமுக்கிப் பார்த்தேன், இருபத்தொன்பது. எனக்குச் சுருக்கென்றது. ரெண்டு பேர் புழங்கும் நாற்பது காலன் தொட்டி. என்னதான் இழுத்துப் பிடித்தாலும் ஒன்பதாம் நாள் அறுபதைத் தாண்டியிருக்க வேண்டும்.

"உன் ஸ்டிக்கர் தூங்குது, பஸ்காரி," என்றார் ஹார்லன். உள்ளே நாற்காலியில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விக்கல் எடுத்துக்கொண்டிருந்தது. "பழசு முக்கால்னு பொய் சொல்லிச்சு. இது கால்னு பொய் சொல்லுது. அவ்வளவுதான் வித்தியாசம்."

"ஒட்டினதுல ஏதோ தப்பாயிருக்கும். மறுபடி பாக்குறேன்."

"பாரு, பாரு. ராண்டல் வர்றதுக்குள்ள பாரு."

ஆர்டிஸ் போய்ப் பொத்தானை மறுபடி அமுக்கினாள். பலகை கால்வாசி என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே தொட்டி பொங்கினால் என்ன ஆகும் என்று அவள் நினைத்தது எனக்குத் தெரிந்தது. நானும் அதையேதான் நினைத்தேன். பலகை தப்பு என்பதைத் தவிர வேறொன்றும் எங்கள் ரெண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

மறுபடி அட்டையில் படுத்தேன். பட்டையைப் பிய்த்தேன், தேய்த்தேன், புதுப் பட்டை ஒட்டினேன். முப்பத்தொன்று என்றது. அதற்கடுத்த நாள் ஒயரை மாற்றினேன். அப்போதும் முப்பத்திரண்டைத் தாண்டவில்லை. ஐந்து காலன் தண்ணீரை அளந்து ஊற்றி எண் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்திருந்தால் ஒரே நிமிஷத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும். அதையும் சொன்னேன்.

"தண்ணி ஊத்துனா என் கணக்கு போச்சு," என்றார் ஹார்லன். "பதினோரு நாள் ஓட்டியிருக்கேன். வெர்ன் பதினாலு வச்சிருக்கான். அந்தத் தங்க இருக்கையை வாங்காம ஒரு சொட்டு ஊத்த விடமாட்டேன்."

வெர்ன் எதிர் வண்டிக்காரன், ஜம்பம் அடிப்பவன். ஹார்லன் அவனை ஜெயிக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். விட்டுவிட்டேன்.

"ஆனா தொப்பை போட்டுட்டீங்க," என்றேன். "ஆர்டிஸ் சமையல் ஒத்துக்குது."

"ரெண்டு நாளா ஒழுங்காவே சாப்பிடலை," என்றாள் ஆர்டிஸ். "என் சூப்பைப் பாத்தாலே மொகத்தைத் திருப்பிக்கிறாரு."

அவர் கணுக்கால் வீங்கி, சாக்ஸ் வார் பதிந்து கிடந்தது. பார்த்தேன். நாள் பூராவும் உட்கார்ந்தே இருந்தால் யாருக்கும் கால் வீங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பதினைந்தாம் நாள் ஹார்லன் ஜெயித்தார். நானே ஏணி போட்டு அந்தத் தங்க இருக்கையை அவர் கதவில் மாட்டினேன். எட்டு வண்டிக்காரர்களும் கைதட்டினார்கள். வெர்ன், "மனுஷன் காத்தைக் குடிச்சே உயிர் வாழறான்யா," என்றான். ஹார்லன் படி இறங்கவில்லை, ஜன்னல் வழியாகக் கையை மட்டும் ஆட்டினார். போட்டிதான் முடிந்ததே, இனியாவது இந்தப் பட்டையை ஒரு கை பார்த்துவிடலாம் என்று நாலாவது தடவையாக அடியில் புகுந்தேன்.

படுத்தபடி அந்தத் தொட்டியை வெறித்துப் பார்த்தேன். எரிச்சலில் மேல்பக்கம் முட்டியால் ஒரு குட்டு வைத்தேன். டங் என்றது. கொஞ்சம் கீழே குட்டினேன். டங். இன்னும் கீழே, இன்னும் கீழே, எல்லாம் டங். அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு வந்ததும் சத்தம் மாறித் தொப்பென்றது. அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு அளந்து பார்த்தேன். பலகை அன்று காட்டிய எண் முப்பத்தாறு. என் கோடும் அங்கேதான் இருந்தது.

பட்டையில் ஒரு குறையும் இல்லை. முதல் நாளிலிருந்தே அது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

அடியிலிருந்தே கூப்பிட்டேன். "ஆர்டிஸ், ஹார்லன் புதர்ப்பக்கம் போறாரா?"

மேலே வண்டித் தரை வழியாக அவள் குரல் கேட்டது. "எங்க போறாரு? படி இறங்கியே ரெண்டு வாரம் ஆச்சே. இங்கதான் போறாரு. அரைமணிக்கொரு தரம் போய் உக்காந்துக்கறாரு."

"பெடலை மிதிக்கிறாரா?"

"போட்டி இல்லியா, அதான் மிதிக்கறதில்லை." இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது: உட்காருகிறார், ஆனால் எதுவும் போகவில்லை. நான் எழுந்த வேகத்தில் அச்சில் மண்டை இடித்து ரத்தம் வந்தது.

யூமா ஆஸ்பத்திரி எண்பது மைல். ஆம்புலன்ஸ் பின்னாலேயே என் வண்டியில் ஆர்டிஸை ஏற்றிக்கொண்டு போனேன். வழி பூராவும், "அவரு உக்காந்துட்டு வருவாரு டார்லா, நான் கேக்கவே இல்லையே," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நானும்தான் கேட்கவில்லை.

டாக்டர் ஒரு சின்னப் பெண். ஹார்லன் சட்டையைத் தூக்கிவிட்டு, ஒரு கை விரலை அவர் வயிற்றில் வைத்து, அதன்மேல் இன்னொரு கை விரலால் தட்டிக்கொண்டே கீழே வந்தாள். தொப்புளுக்கு மேலேயே சத்தம் மாறியது. எனக்கே கேட்டது. ஹார்லன் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத் தட்டறம்மா நீ," என்றார். "எங்க கிடங்குல வேலை போட்டுக் குடுத்திருப்பேன்."

குழாய் செருகினார்கள். ரெண்டரை லிட்டர் மூத்திரம் வந்தது. ப்ராஸ்டேட் வீங்கி மாசக்கணக்காக வழியை அடைத்திருக்கிறது, போக வழியில்லாமல் தேங்கித் தேங்கி ரெண்டு சிறுநீரகத்தையும் கெடுத்துவிட்டது என்றாள் அந்தப் பெண். ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தால்கூட என்று ஆரம்பித்தவள், ஆர்டிஸைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். ஒரு வாரம் முன்னாடி நான் ரெண்டாவது பட்டையை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

ஆர்டிஸ் மகனுக்கு போன் செய்ய வெளியே போனபோது நான் கட்டிலருகே உட்கார்ந்தேன்.

"உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியாம என்ன. நவம்பர்லேருந்தே சொட்டுச் சொட்டாத்தான்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரின்னா ராண்டல். ராண்டல்னா மினோட். குளிர்காலம் முடியற மார்ச் வரைக்குமாச்சும் தள்ளிடலாம்னு பாத்தேன்."

"அப்ப என்னை எதுக்கு அந்த அழுக்குல மறுபடி மறுபடி படுக்க வச்சீங்க? பட்டை பொய் சொல்லுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நீ அதை நம்பிட்டா என்னைக் கேள்வி கேப்பியே." விக்கல் வந்தது. அது நின்றதும் சொன்னார்: "அந்தப் பலகையை எவனும் நம்பமாட்டான்னு எனக்குத் தெரியும். அதுதான் எனக்கு ஒரே தொணை."

எனக்கு அவரை நாலு சாத்து சாத்த வேண்டும் போலிருந்தது. அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழவும் வேண்டும் போலிருந்தது. ரெண்டையும் செய்யவில்லை. கம்பளியை இழுத்து அவர் பாதத்தை மூடினேன்.

ராண்டல் வந்தான். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். பாலைவனத்தில் அதற்கு வழி ஏது? ஜனவரியில் அவர்களை மினோட்டுக்குக் கூட்டிப்போனான். வண்டியை விற்றுத் தரும் வேலை என்னிடம் வந்தது. ஆரிகனிலிருந்து வந்த ஒருவன் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, பலகைப் பொத்தானை அமுக்கிச் சிரித்தான்.

"இதெல்லாம் சும்மாதானே? எந்த வண்டியில இது சரியாக் காட்டுது?"

"இது சரியாக் காட்டும்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க, அம்மணி."

அவன் நம்பவில்லை. அவன் நம்பும்படி சொல்ல எனக்கும் தெம்பு இல்லை. கதவில் இருந்த தங்க இருக்கையை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்டிஸ் போன் செய்வாள். ஹார்லனிடம் கொடுப்பாள். அவர் முதலில் எங்கள் மரத்துப் பலகையில் யாருக்கு எத்தனை நாள் என்று கேட்பார், சொல்வேன். போன ஞாயிறு அதைக் கேட்கவில்லை. குரல் தாழ்ந்து வந்தது.

"பஸ்காரி, ஜன்னலுக்கு வெளிய கார்தான் நிக்குது."

"தெரியும் ஹார்லன்."

"நீ வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடேன். உன் டிரெய்லர்லயே ஒரு மூலையில கெடக்கறேன். எனக்குத்தான் இப்ப ஒரு சொட்டுகூட வர்றதில்லையே. உன் டேங்க் என்னால ஒரு கோடுகூட ஏறாது."

நான் என் டிரெய்லரின் மூலையைப் பார்த்தேன், அவருடைய தங்க இருக்கையை அங்கேதான் சாத்தி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் ஆர்டிஸ் போனை வாங்கி, சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள், அடுத்த வாரம் பேசலாம் என்றாள்.